தண்டுவடம் அடிபட்டால் கடிகாரத்தைப் பாருங்கள்

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்புப்பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்து, பாதை ஆய்வாளராகக் குண்டக்கல் டிவிஷனில் பல ஊர்களைச் சுற்றி, ரேணிகுண்டாவில் ஓய்வு பெற்றேன். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் நேரக் கணக்கு உண்டு. விபத்துச் சைரன் ஊதினால் மீட்பு ரயில் எத்தனை நிமிடத்தில் புறப்பட வேண்டும் என்பதற்குக் கூட விதி இருக்கிறது. தாமதமானால் நிமிடத்துக்கு நிமிடம் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்ட நான், என் வீட்டில் ஒரு விபத்து நடந்தபோது இரண்டு பகல், இரண்டு இரவை வீணாக்கினேன். யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து நானாகவே எழுதிக் கொடுக்கிறேன். நம் சங்கக் குடும்பங்களில் ஒன்றுக்காவது இது பயன்படும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

மாமரத்தில் இருந்து விழுந்தவன்

1998 ஜூன் மாதம். சித்தூர்ப் பக்கத்தில் மாங்காய் அறுவடை மும்முரமாக நடக்கும் காலம். மண்டியில் தோதாபுரி என்று சொல்லும் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகக் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். என் மனைவியின் தம்பி அந்த வருடம் ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். வயது 31. ஆள் குறைவு என்று அவனே மரத்தில் ஏறினான். கிளை முறிந்து முதுகு தரையில் மோத விழுந்தான்.

தோப்பில் இருந்தவர்கள் பதறிப் போய், ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். நடுவில் முதுகு தொட்டில் போல வளைந்தது. மாங்காய் ஏற்றும் வேனில் கோணிப்பைகள் மேல் படுக்க வைத்துச் சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டு போனார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "முள்ளெலும்பு உடைந்து தண்டுவடத்தை அழுத்துகிறது. இன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் சரியாகத்தான் சொன்னார்.

அன்று நான் குண்டக்கல்லில் இருந்தேன். இரவு எட்டு மணிக்கு மேல் என் மனைவி போனில் அழுதாள். நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்."

வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை, படித்தவன், சர்க்கார் வேலைக்காரன். நான் சொன்னால் சொன்னதுதான். காத்திருந்தார்கள்.

மறுநாள் நண்பகல்தான் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் மாலை அவனுடைய வலது கால் பெருவிரல் லேசாக அசைந்ததாம். தொட்டால் உணர்வும் இருந்ததாம். நான் பார்த்தபோது விரல் அசையவில்லை.

அதன் பிறகாவது கிளம்பினோமா? இல்லை. முதுகில் கத்தி வைத்தால் பிழைக்க மாட்டான் என்று மாமியார் அழுதார். புத்தூருக்குப் போகலாம் என்றார் ஒருவர். அன்று அஷ்டமி என்றார் இன்னொருவர். நான் தெரிந்த டாக்டர் ஒருவருக்குப் போன் செய்து, அவர் கிடைக்காமல் மறுபடி மறுபடி எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தேன். அன்றிரவு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. முதுகெலும்பு நேரானது. கால்கள் திரும்பவில்லை.

எலும்பு வேறு, தண்டுவடம் வேறு

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. முதுகெலும்பு என்பது 33 முள்ளெலும்புகளின் அடுக்கு. அதன் உள்ளே ஓடும் குழாயில், ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனில், 45 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தண்டுவடம் இருக்கிறது. மூளையில் இருந்து கை, கால், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றுக்குப் போகும் செய்திகளும், அங்கிருந்து திரும்பி வரும் உணர்வுகளும் இதன் வழியாகத்தான் செல்கின்றன. இதில் இருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன.

எங்கள் பாஷையில் சொன்னால், இது பாதை ஓரம் புதைத்த சிக்னல் கேபிள் மாதிரி. மேலே ஒரு பாறை விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கம்பிகள் அந்தக் கணமே அறுந்து போகும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மீதிக் கம்பிகள் அறுபடாமல் நசுங்கிக் கிடக்கும். பாறையை உடனே நகர்த்தினால் அவற்றில் சில பிழைக்கலாம். பாறை அப்படியே கிடந்து தண்ணீரும் உள்ளே இறங்கினால், பிழைத்திருக்க வேண்டியவையும் கெட்டுப் போகும்.

தண்டுவடத்திலும் இதுவே நடக்கிறது. விழுந்த கணத்தில் ஏற்படுவது முதல் சேதம். அதன் பின் வீக்கம், ரத்தக் கசிவு, ரத்த ஓட்டம் குறைதல், அதனால் நரம்புத் திசுக்கள் பட்டினி கிடந்து சாதல் எனச் சில மணி நேரத்துக்குள் தொடங்கி, நாட்கணக்கில் பரவுவது இரண்டாம் சேதம். ஆபரேஷனின் வேலை அழுத்தும் எலும்புத் துண்டையும் கிழிந்த சவ்வையும் விலக்குவது, உடைந்த எலும்பைத் திருகாணியும் கம்பியும் வைத்து நிலைநிறுத்துவது. செத்த நரம்பை அது உயிர்ப்பிப்பதில்லை. சாகப் போகும் நரம்பைக் காப்பாற்ற ஒரு வாய்ப்புத் தருகிறது. அதனால்தான் நேரம் முக்கியமாகிறது.

நம் பக்கத்துப் புத்தூர் கட்டு கை கால் எலும்பு முறிவுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயர் பெற்றது. எங்கள் உறவிலேயே கட்டிக்கொண்டு குணமானவர்கள் உண்டு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தண்டுவடம் எலும்பு அல்லவே! கால் மரத்துப் போய்விட்டது, விரல் அசையவில்லை, சிறுநீர் பிரியவில்லை என்றால் அது கட்டுப் போடும் விஷயம் இல்லை.

டாக்டர்களே சண்டை போட்ட கேள்வி

என் தவறு முழுவதையும் என் தலையில் போட்டுக்கொள்வதும் உண்மைக்குப் பொருந்தாது. 1998ல் மருத்துவ உலகத்திலேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

இங்கிலாந்தில் 1944ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், ஆபரேஷனை அவ்வளவாக விரும்பாதவர். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது, சிறுநீர்த் தொற்றைத் தடுப்பது, படுக்கையிலேயே எலும்பு கூடவிடுவது என்பதே அவர் வழி. அந்தக் கவனிப்பாலேயே, அதுவரை சில மாதங்களில் இறந்து கொண்டிருந்தவர்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 1948ல் அவர் நடத்திய சக்கர நாற்காலி விளையாட்டுப் போட்டியே இன்றைய பாராலிம்பிக் போட்டிகளுக்கு விதை. அவசரப்பட்டு முதுகைத் திறந்தால் கெடுதல் என்று எண்ணிய டாக்டர்கள் அவருக்குப் பிறகும் பலர் இருந்தார்கள். 1990ல், விபத்து நடந்து 8 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் ஏற்றினால் பலன் உண்டு என்று ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. உலகம் முழுவதும் அது வழக்கமானது. 2013ல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களே அது வேண்டாம் என்று வழிகாட்டி வெளியிட்டார்கள்.

ஆபரேஷன் நேரத்தைப் பற்றிய தெளிவு 2012ல் வந்த ஒரு ஆய்வால் வலுப்பெற்றது. வட அமெரிக்காவின் ஆறு மருத்துவ மையங்களில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்ட 313 பேரைக் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன். மற்றவர்களுக்கு அதற்குப் பிறகு. பாதிப்பை 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து படிகளாக அளப்பார்கள். 'ஏ' என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் அறவே இல்லை. 'இ' என்றால் இயல்பு நிலை. ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, சீக்கிரம் ஆபரேஷன் ஆனவர்களில் 19.8 சதவீதம் பேர் இரண்டு படியோ அதற்கு மேலோ முன்னேறியிருந்தார்கள். தாமதமானவர்களில் 8.8 சதவீதம் பேர்தான்.

2021ல் நான்கு ஆய்வுகளின் விவரங்களை ஒன்று சேர்த்து 1548 நோயாளிகளைப் பற்றிய கணக்கு வெளியானது. அதிலும் 24 மணிக்குள் ஆபரேஷன் ஆனவர்களே ஓராண்டு கழித்து மேலான நிலையில் இருந்தார்கள். முதல் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் பலன் வேகமாகச் சரிந்து, பிறகு தட்டையாகிவிடுகிறது என்பதும் தெரிந்தது. 2024ல் வந்த சர்வதேச வழிகாட்டி, உடல்நிலை இடம் கொடுத்தால் எந்த மட்டத்தில் அடிபட்டிருந்தாலும் 24 மணிக்குள் ஆபரேஷன் செய்யப் பரிந்துரைக்கிறது.

இதில் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, இது எல்லோரும் எழுந்து நடப்பார்கள் என்ற வாக்குறுதி அல்ல. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: சீக்கிரம் செய்தும் ஐந்தில் நான்கு பேர் இரண்டு படி ஏறவில்லை. 12 மணிக்குள் செய்வதால் கூடுதல் நன்மை தெரியவில்லை என்று ஒரு ஐரோப்பிய ஆய்வு சொல்லியிருக்கிறது. இரண்டாவது, நெஞ்சிலோ வயிற்றிலோ ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. மூச்சும் ரத்த அழுத்தமும் சீரான பிறகே முதுகு. யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேண்டாம் என்று முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். டாக்டரிடம் போய்ச் சேரும் நேரத்துக்கு மட்டும் நாம்தான் பொறுப்பு.

அந்த 24 மணி நேரம் எங்கே போகிறது?

கடிகாரம் ஆஸ்பத்திரி வாசலில் ஓடத் தொடங்குவதில்லை. விழுந்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. எங்கள் விஷயத்தில் எந்த டாக்டரும் நேரத்தை வீணாக்கவில்லை. தூக்கிய விதத்தில் கொஞ்சம், போனுக்காகக் கொஞ்சம், பஞ்சாங்கத்துக்காகக் கொஞ்சம், என் கௌரவத்துக்காக மீதி.

வள்ளுவர் காலமறிதல் என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னது என்று நினைத்துப் படித்துவிட்டுப் போகிறோம். குடும்பத் தலைவனுக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நான் புரிந்துகொண்டபோது தாமதமாகிவிட்டது.

1998ல் இல்லாத வசதிகள் இன்று இருக்கின்றன. 108 ஆம்புலன்ஸ் ஆந்திராவில் 2005 ஆகஸ்டில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2008ல் வந்தது. சாலை விபத்தில் உதவி செய்பவரைப் போலீசோ ஆஸ்பத்திரியோ அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016ல் உத்தரவிட்டது. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்புச் சேர்ந்தது. ஆகவே "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கத் தேவையில்லை.

நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. மரத்திலிருந்து, மாடியிலிருந்து, வண்டியிலிருந்து விழுந்தவர் கழுத்து வலி, முதுகு வலி, கை கால் மரப்பு என்று சொன்னால், அல்லது நினைவில்லாமல் கிடந்தால், தண்டுவடம் அடிபட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பி உட்கார வைக்காதீர்கள். நடக்க முடிகிறதா என்று சோதிக்காதீர்கள்.

2. தண்ணீர், காபி, சோடா எதுவும் கொடுக்காதீர்கள்.

3. நெருப்பு, போக்குவரத்து போன்ற ஆபத்து இல்லாவிட்டால் 108 வரும்வரை அசைக்காமல் வையுங்கள். ஒருவர் தலையை இரு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும்.

4. நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் நான்கு பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில், மரக்கட்டையை உருட்டுவது போலப் பக்கவாட்டில் திருப்பி, அடியில் பலகையைச் செருகுங்கள். கதவுப் பலகை கூடப் போதும். ஆட்டோவிலும் காரின் பின் சீட்டிலும் மடக்கிப் போடாதீர்கள்.

5. விழுந்த நேரத்தை ஒரு தாளில் குறித்து ஆளோடு அனுப்புங்கள். அப்போது எந்த விரல் அசைந்தது, எங்கே உணர்வு இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

6. முதல் ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள்: இங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறதா? முதுகுத்தண்டு ஆபரேஷன் செய்யும் டாக்டர் இன்று இருக்கிறாரா? தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் இருக்கிறதா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், எங்கே இருக்கிறது என்று அவர்களையே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள்.

திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனை, சுவிம்ஸ், தேவஸ்தானம் 1985 முதல் நடத்திவரும் பர்ட் எலும்பு மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. சித்தூரில் இருந்து 35 கிலோமீட்டர் போனால் வேலூர். எங்கு போவது என்பதை விபத்து நடக்காத நாளில், நிதானமாக விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது இன்னும் அவசியம். ஊரில் இருந்து பெரியவர்கள் பஸ் ஏறி வரும்வரை தண்டுவடம் காத்திருக்காது.

நேரம் தவறினால் வாழ்க்கை முடிந்ததா?

இல்லை. இதையும் சொல்லாமல் முடித்தால் நான் பாதிதான் சொன்னவனாவேன்.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1925ல் கொச்சியில் பிறந்தவர். 1954 ஜனவரி 30 அன்று கார் விபத்தில் முகம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் ஆபரேஷனில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவரை ஊக்குவித்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேரி வர்கீஸ் அந்த ஆபரேஷன்களைச் செய்யத் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கிடமும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி.யில் அதற்கென்று தனித் துறையை நடத்தினார். 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986ல் காலமானார். இன்று அந்த நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

எங்கள் மைத்துனனும் பாகாயத்தில் சில மாதங்கள் இருந்தான். படுக்கையில் இருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது, படுக்கைப் புண் வராமல் உடம்பைத் தூக்கி இறக்குவது, சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்வது எல்லாம் அங்கே கற்றான். அங்கே போன முதல் நாள் அழுதான். வரும் நாளிலும் அழுதான், வேறு காரணத்துக்காக. இன்று சித்தூரில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு அவன் கையில்தான். சீசனில் இரவு பன்னிரண்டு வரை உட்கார்ந்திருப்பான்.

சீக்கிரம் போயிருந்தால் அவன் நடந்திருப்பானா? டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். "ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது சார். வாய்ப்பு இருந்திருக்கலாம்" என்றார். அந்த வாய்ப்பை அவனுக்குக் கொடுக்காமல் விட்டவன் நான் என்பது மட்டும் நிச்சயம்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் அவனிடம் அனுமதி கேட்கப் போனேன். என்னை அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "எழுதுங்க மாமா. நேரத்தை மட்டும் சரியாப் போடுங்க" என்றான்.

"மாலை அஞ்சு மணி இருக்குமா?" என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அன்று நாங்கள் "சாயங்காலம்" என்று மழுப்பினோம்.

"நாலு மணி. நான் விழுந்து கிடக்கும்போது கூழ் ஃபேக்டரியில நாலு மணிச் சங்கு ஊதிச்சு. ஆபரேஷன் பண்ணிக்கவும் நான் ரெடியாத்தான் இருந்தேன். என்னை யாரும் கேக்கலையே மாமா!" என்று சிரித்தான்.

நினைவோடு இருந்தான். வயது வந்தவன். கை நன்றாக இருந்தது, கையெழுத்துப் போட முடியும். அவன் படுத்திருந்த கட்டிலைச் சுற்றி நின்று நாங்கள் பத்துப் பேர் இரண்டு நாள் பேசினோம். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வரவே வேண்டாம். வந்தால், என்னைப் போன்ற மூத்த மாப்பிள்ளைக்காகக் காத்திருக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். அடிபட்டவரைக் கேளுங்கள். கிளம்புங்கள்.